சிப்பண்டேல் கட்டிலும் நம் கரைச் சீட்டியும்

(சங்கத்தின் கொல்லிமலைச் சுற்றுலாவில், இரவுச் சாப்பாட்டுக்கு முன் பேசியது)



70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததில் பாதிப் பேருக்குத் தலைசுற்றல் இன்னும் தீரவில்லை. சுருக்கமாகவே பேசுகிறேன். பஸ்ஸில் இரண்டு விஷயம் காதில் விழுந்தது. நம்மில் ஒருவர் 'பிரிட்டிஷ் காலத்து இங்கிலீஷ் பெட்ரூம் செட்' ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார். இன்னொருவர், தாத்தாவின் தேக்குக் கட்டில் லிஃப்டில் ஏறவில்லை என்று பழைய மரக்கடைக்குப் போடப் பார்க்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அசல் இங்கிலீஷ் செட் எப்படி இருக்கும்? டேவிட் கேரிக் என்ற பிரபல நாடக நடிகருக்கு லண்டனுக்கு வெளியே, தேம்ஸ் நதிக்கரையில் ஹாம்ப்டன் என்ற இடத்தில் ஒரு பங்களா இருந்தது. அதன் படுக்கையறைக்கு 1770-களில் தாமஸ் சிப்பண்டேல் கட்டிலும் அலமாரிகளும் செய்து கொடுத்தார். வெளிர் நிறத்தில் பெயிண்ட் அடித்து, மேலே பச்சையில் சித்திரம். கட்டிலைச் சுற்றித் தொங்கவிட வந்த துணி எங்கிருந்து? நம் சோழமண்டலக் கரையில், மசூலிப்பட்டினத்திலிருந்து! கையால் வரைந்து சாயம் ஏற்றிய சீட்டி. கல்கத்தாவில் நாடக அரங்கு அமைக்க உதவியதற்காக அங்குள்ள ஆங்கிலேயர்கள் அனுப்பிய அன்பளிப்பு.

வந்தது வினை. உள்ளூர் நெசவாளர் பிழைப்பு போகிறது என்று இந்தியச் சீட்டியை உடுத்தவும், வீட்டில் திரையாகத் தொங்கவிடவும் அங்கே 1721-லேயே தடைச் சட்டம் போட்டிருந்தார்கள். சுங்கத்துறை துணியைப் பறிமுதல் செய்துவிட்டது. 1775-ல் கேரிக் கருவூலச் செயலாளருக்கே கடிதம் எழுதி, மனைவியின் ஆசைத் துணியை விடுவிக்கக் கெஞ்சினார். இன்று அந்தக் கட்டிலும், துணியில் மிஞ்சியதும் லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன.

நான் பேங்க் ஆள். எனக்கு இதில் பிடித்தது கட்டில் அல்ல, கடிதம். யார்க்‌ஷயரில் நோஸ்டெல் என்ற மாளிகைக்குச் சிப்பண்டேல் செய்த சாமான்களுக்கு அவருடைய பில்லே இருக்கிறது. வவுச்சர் இல்லாத செலவை நாம் ஒப்புக்கொள்வோமா? 'இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது' என்று வாயால் சொல்வதற்குப் பணம் கொடுக்காதீர்கள். காகிதம் கேளுங்கள்.

இங்கே கிடைப்பதில் பெரும்பகுதி அப்படி வந்ததும் அல்ல. பசையால் ஒட்டிய சீமைச் சாமான் நம் வெயிலிலும் மழையிலும் பிரிந்துவிடும். ஆகவே பக்கத்து ஏற்காடு போன்ற மலைகளில் பங்களா கட்டியவர்களுக்கும் தேக்கும் ஈட்டியும்தான் தோது. சிப்பண்டேல் 1754-ல் தன் டிசைன்களைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். படத்தைப் பார்த்து நம் ஆசாரிகள் செய்தது ஏராளம். என்னைக் கேட்டால் அது மட்டம் இல்லை. ஆனால் இங்கிலீஷ் விலை கொடுக்கத் தேவையில்லை.

வாங்குமுன் டிராயரை இழுத்துப் பின்பக்கம் பாருங்கள். கையால் அறுத்த மூட்டு ஒன்றுபோல் ஒன்று இருக்காது. எல்லாம் ஒரே அளவென்றால் மெஷின் வேலை. அறுத்த தடம் வில்போல் வளைந்திருந்தால் வட்ட ரம்பம், அதாவது பிற்காலம். கடைசல் காலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு சுருங்காது. பழைய கால் துளி நீள்வட்டமாக இருக்கும். ஸ்க்ரூ மட்டும் பழசாக இருந்தால் நம்பாதீர்கள், அதை மாற்றிப் போடலாம்.

இன்னொன்று. பிள்ளைக்கு அமெரிக்கா அனுப்பலாம் என்று வாங்குகிறவர்கள் கவனிக்கவும். 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழசு என்று நிரூபித்தால் அனுப்ப முடியாது, நிரூபிக்காவிட்டால் விலை கிடையாது!

தேக்குக் கட்டில்காரருக்கு: அந்தக் காலத்துக் கட்டில் பெரும்பாலும் ஆணி இல்லாமல் மூட்டியது. தெரிந்த ஆசாரியைக் கூப்பிட்டு ஆப்பைத் தட்டச் சொல்லுங்கள். கால் வேறு, சட்டம் வேறாகப் பிரிந்துவிடும், லிஃப்டில் ஏறும். மேலே பூட்டியதும், யார் கல்யாணத்துக்கு, எந்த ஊர் ஆசாரி, எந்த வருடம் செய்தது என்று அம்மாவைக் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி, தலைமாட்டுப் பலகையின் பின்னால் ஒட்டிவிடுங்கள்.