மறைத்த சீட்டும் கொடுத்த வாக்கும்



சீட்டாட்டம் என்றவுடன் நம்மில் பலருக்கு ரம்மியும் இருபத்தெட்டும் நினைவுக்கு வரும். பெரியோர் சிலருக்குச் சூதும் அதன் கேடும் நினைவுக்கு வரும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட ஆட்டத்திற்குப் பணயம் தேவையில்லை. ஆடுவோர் சீட்டுகளை விலைக்கு வாங்கியும், நண்பர்களோடு மாற்றிக்கொண்டும் சேர்த்து, அவற்றிலிருந்து தமக்கென ஒரு கட்டினை அமைத்துக்கொண்டு ஆடுவர். இவ்வகை ஆட்டங்களுள் பெரும்புகழ் பெற்றது ‘மேஜிக்: தி கேதரிங்’. ரிச்சர்டு கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் ஆக்கிய இவ்வாட்டம் 1993-ஆம் ஆண்டு வெளிவந்தது.

இருவர் ஆடுகையில் ஒவ்வொருவர் கட்டிலும் குறைந்தது 60 சீட்டுகள் இருக்கும். ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளிகள். எதிரியின் புள்ளிகளைத் தீர்ப்பதே நோக்கம். நிலச் சீட்டுகள் ஆற்றலைத் தரும். அதைச் செலவிட்டே விலங்குகளையும் வீரர்களையும் களத்தில் இறக்கவும், மந்திரங்களை ஏவவும் இயலும். களத்தில் இறங்கியவை பொதுவாக எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கையில் இருப்பவை உடையவருக்கு மட்டுமே தெரியும். இந்த மறைவிலிருந்துதான் ‘பிளஃப்’ பிறக்கிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இச்சொல் சற்றே தொல்லை தருவது. ‘பொய்’ என்றால் மிகையாகும். ‘ஏமாற்று’ என்றால் பழியாகும். ‘பாவனை’ என்பதே எனக்கு ஏற்றதாகப் படுகிறது. ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும்.

என்னிடம் ஒரு கரடி. அதன் வலிமை 2, உறுதி 2. எதிரியிடம் ஓர் அரக்கன். வலிமை 3, உறுதி 3. அரக்கன் மறித்தால் கரடி மாளும். ஆயினும் கரடியைத் தயங்காமல் தாக்க அனுப்புகிறேன். ஒரு காட்டு நிலத்தின் ஆற்றலை மட்டும் செலவிடாமல் வைத்திருக்கிறேன். எதிரி சிந்திக்கிறார். ‘ஜயன்ட் குரோத்’ என்றொரு மந்திரம் உண்டு. அந்த ஒரு நிலத்தின் ஆற்றலே அதற்குப் போதும். அது கரடியின் வலிமையையும் உறுதியையும் அந்த முறைக்கு மும்மூன்று உயர்த்திவிடும், அரக்கன் மாள்வான். எனவே, 2 உயிர்ப்புள்ளிகளை இழந்தாலும் சரி என்று அவர் மறிக்காமல் விடக்கூடும். என் கையில் இருந்ததோ, இன்னொரு வெறும் நிலச் சீட்டு!

இப்பாவனைக்கு வலிமை எங்கிருந்து வந்தது? முன்பு சில வேளைகளில் அம்மந்திரம் என் கையில் உண்மையாகவே இருந்திருக்கிறது என்பதிலிருந்துதான். எப்போதும் பாவனை செய்பவரை எவரும் அஞ்சார். ஒருபோதும் செய்யாதவருடைய கையை எவரும் எளிதில் படித்துவிடுவர். ஜான் வான் நாய்மன், ஆஸ்கர் மார்கென்ஸ்டர்ன் ஆகிய இருவரும் 1944-இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில், போக்கர் ஆட்டத்தைக் கொண்டு இதைக் கணித முறையில் ஆராய்ந்தனர். வலியில்லாதபோது வலியுள்ளவர்போல் தோன்றுவது பாவனையின் ஒரு பயன். உண்மையாகவே வலியுள்ளபோது எதிரியை ஐயுறச் செய்வது மற்றொரு பயன். பிடிபட்ட பாவனையும் வீணாவதில்லை என்பது இதனால் பெறப்படும்.

நால்வர் கூடி ஆடும் ‘கமாண்டர்’ முறையில் நிலைமை மாறுகிறது. அங்கே கட்டில் 100 சீட்டுகள். ஆளுக்கு 40 உயிர்ப்புள்ளிகள். மூவரையும் ஒருவரே தாக்கி வீழ்த்துவதாயின் 120 புள்ளிகளைக் குறைக்க வேண்டும், அது எளிதன்று. வலிமையைக் காட்டியவர் மீது மற்ற மூவரும் ஒருங்கே பாய்வர். ஆகவே தேர்ந்தவர்கள் இங்கே வலிமையை மறைத்து, அடக்கமாகவே அமர்ந்திருப்பர். வள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். இந்த ஆட்டத்தில் ஒரே வேளையில் மூன்று முகங்களின் குறிப்பை அறிய வேண்டியிருக்கிறது!

இங்கே உடன்படிக்கைகளும் எழும். “இம்முறை என்னைத் தாக்காதீர்கள்; அடுத்த முறை நான் உங்களைத் தாக்கமாட்டேன்” என்று ஒருவர் சொல்வார். போட்டி விதிகள் கைச்சீட்டைப் பற்றிப் பாவனை செய்ய இடந்தருகின்றன. உயிர்ப்புள்ளி எத்தனை என்று கேட்டால் தவறாகச் சொல்ல இடந்தருவதில்லை. ஆனால் இத்தகைய வாக்கைக் காப்பாற்றும்படி எந்த விதியும் ஒருவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. வாக்கை மீறினால் அன்றைய ஆட்டம் கைகூடலாம். மறுவாரம் அதே நண்பர்கள் கூடும்போது, அவர் சொல்லை ஏற்பார் யார்? உண்மையான நெருக்கடியில் அவர் உதவி கேட்டாலும் அது பாவனையாகவே கொள்ளப்படும்.

கையிலுள்ள சீட்டை மறைப்பது ஆட்டத்தின் இயல்பு. அது மறைந்திருக்கும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டே அமர்கின்றனர். கொடுத்த வாக்கோ மற்றவர் நம்பி ஏற்றுக்கொண்ட பொருள். முன்னதில் எவ்வளவு வல்லவராயினும் தீங்கில்லை. பின்னதில் ஒருமுறை தவறினாலும் இழப்புப் பெரிது. இளைஞர்கள் இவ்வாட்டங்களில் பொழுதைப் போக்குகிறார்களே என்று வருந்தும் பெற்றோர் ஒருநாள் அருகில் அமர்ந்து பார்க்கலாம். எதை மறைக்கலாம், எதை மறைக்கலாகாது என்னும் வேறுபாட்டைப் பிள்ளைகள் அங்கே கற்கிறார்களா என்பதைக் கவனித்தால் போதும். வெற்றி தோல்வியைக் கேட்க வேண்டியதில்லை.