வேகம் கூடாமல் இறங்கும் வித்தை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற விமானப் பயிற்சியாளரான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நம் உறுப்பினர் ஒருவரின் பிள்ளை சமீபத்தில் பைலட் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். அவனுடைய தாயார் என்னிடம், "மாமா, இறங்கும்போதுதான் ஆபத்து ஜாஸ்தியாமே?" என்று கவலையோடு கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்லும்படி செயலாளர் பணித்தார்.

ஓடுபாதையை நெருங்கும்போது சிறு விமானம் ஒன்று தேவைக்கு மேல் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புதிதாகக் கற்பவன் உடனே மூக்கைக் கீழே அழுத்துவான். உயரம் குறையும், ஆனால் சரிவில் விட்ட சைக்கிள் போல வேகம் ஏறிவிடும். அந்த வேகம் தீரும்வரை விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். பாதையோ முடிந்துகொண்டே வரும். ஆகவே வேகம் கூடாமல் உயரத்தை இழக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது ஃப்ளாப். இறக்கையின் பின்விளிம்பில் கதவு போல மடங்கி இறங்கும் பகுதி இது. இறக்கினால் காற்றின் தடை கூடும். குறைந்த வேகத்திலும் இறக்கை விமானத்தைத் தாங்கும். செஸ்னா 172 விமானத்தில் 10, 20, 30 டிகிரி என்று படிப்படியாக இறக்குவோம். வேகமானியின் வெள்ளை வளைவுக்குள் வேகம் வந்த பிறகே முழு ஃப்ளாப்பையும் இறக்கலாம். தரைக்கு அருகில் அதைச் சட்டென்று மடக்கிவிடக் கூடாது. விமானம் தொப்பென்று அமிழும்.

இரண்டாவது ஃபார்வர்ட் ஸ்லிப். பைபர் கப் போன்ற, ஃப்ளாப் இல்லாத பழைய விமானங்களுக்கு இதுவே கைகொடுக்கும். காற்று இடப்புறமிருந்து வந்தால் இடது இறக்கையைத் தாழ்த்தி, வலது ரடர் பெடலை மிதிப்போம். மூக்கு வலப்புறம் திரும்பியிருக்கும். பயணமோ ஓடுபாதையை நோக்கி நேராகவே இருக்கும். விளிம்பைக் காட்டிப் பிடித்த முறத்தை அகலவாட்டில் திருப்பினால் காற்றைத் தடுப்பதுபோல, விமானத்தின் பக்கவாட்டு உடல் காற்றைத் தடுக்கும். உயரம் விறுவிறுவென்று குறையும்.

இதில் எச்சரிக்கை தேவை. ஸ்லிப்பின்போது வேகமானி தவறாகக் காட்டக்கூடும். மூக்கு மேலே எழும்பி வேகம் குறைந்துவிட்டால் இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும். தரையைத் தொடுமுன் விமானத்தை நேராக்கிவிட வேண்டும். செஸ்னா 172-இன் பல மாடல்களில், 20 டிகிரிக்கு மேல் ஃப்ளாப் இறக்கிய நிலையில் செங்குத்தான ஸ்லிப்பைத் தவிர்க்கும்படி கையேடு சொல்கிறது. கையேட்டைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துச் செய்வது விவேகமல்ல.

1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு எஞ்சின்களும் நின்று, கிம்லி என்ற பழைய விமானத் தளத்தை நோக்கி இறங்கியது. உயரமோ அதிகம், ஃப்ளாப்பை இறக்கவும் சக்தியில்லை. கேப்டன் ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். அந்தப் பெரிய விமானத்தையே ஸ்லிப் செய்து இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். என்றோ பொழுதுபோக்காகக் கற்ற அப்யாசம் அன்று உயிர் காத்தது.

அவருக்கு இன்னொரு சந்தர்ப்பம் கிடையாது. நமக்கோ எஞ்சின் இருக்கிறது. ஒருமுறை என் மாணவன் உயரமாக வந்து, மூக்கை அழுத்தி, பாதி ஓடுபாதை வரை மிதந்தான். எதிரே வேலி. "இறக்கிவிடுவேன் சார்" என்றான். நான் கட்டுப்பாட்டை வாங்கி, முழு சக்தி கொடுத்து மேலே ஏற்றினேன். இறங்கிய பின் அவன் வெட்கத்தில் தலைகுனிந்தான். "மறுபடி சுற்றி வருவது தோல்வி அல்ல; அதுவும் ஒரு பாடம்தான்" என்றேன்.

அந்தத் தாயாருக்கும் இதையே சொன்னேன். உங்கள் பிள்ளை இரண்டு வித்தைகளையும் சிரத்தையாகக் கற்கட்டும். சரியாக வரவில்லை என்றால் கௌரவம் பார்க்காமல் மேலே ஏறட்டும். அப்படிப்பட்டவனின் விமானத்தில் நானே நிம்மதியாக உட்காருவேன்.