தாலி கொடுத்த கை

 

குங்கிலியக்கலய நாயனார் வரலாற்றைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்று அதனை, கணவனும் மனைவியும் பொருளைக் கையாள வேண்டிய முறை என்னும் நோக்கில் சிறிது சிந்திப்போம்.

திருக்கடவூர்ப் பெருமானுக்குக் குங்கிலியத் தூபம் இடுவதே கலயனாரின் திருத்தொண்டு. நிலமும் உடைமையும் போயின. இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. மக்கள் வாடுவது பொறாத மனைவியார் தம் தாலியைக் கழற்றி, நெல் வாங்கி வரும்படி கொடுத்தார். வழியில் குங்கிலியப் பொதி எதிர்ப்பட்டது. நாயனார் தாலியைக் கொடுத்து அதனை வாங்கிக்கொண்டு திருக்கோயிலுக்குச் சென்றுவிட்டார்.

நெல்லுக்கென்று மனைவி கொடுத்ததை வேறு வழியிற் செலவிட்டது நீதியா என்று ஓர் ஐயம் எழலாம். சேக்கிழார் பெருமான் அடுத்துச் சொல்வதைப் பாருங்கள். இறைவன் அருளால் அன்றிரவே அவ்வீட்டில் பொன்னும் நெல்லும் குவிந்தன. அதனை முதலில் யாருக்கு உணர்த்தினான்? கோயிலில் இருந்த தொண்டருக்கு அன்று. பசியோடு துயின்ற மனைவியாருக்கே கனவில் உணர்த்தினான். பின்னரே கலயனாரை இல்லம் சென்று உண்ணப் பணித்தான். யாருடைய பொன் சென்றதோ, அவர் இருந்த இடத்திற்கே பொருள் வந்து சேர்ந்தது. தொண்டை ஏற்ற பெருமான் தாலி கொடுத்த கையை மறக்கவில்லை.

ஆகவே, இவ்வரலாற்றைக் காட்டி மனைவியின் நகையை அவள் அறியாமல் அடகு வைப்பார்க்கு இதில் இடமில்லை. நாயனார் தம்மையே மறந்தவர். நாமோ நம்மை மறவாமல் மனைவியை மட்டும் மறக்கிறோம்!

இளையான்குடி மாற நாயனார் இல்லத்தையும் நினையுங்கள். மழை பெய்யும் நள்ளிரவில் அடியார் வந்தார்; வீட்டில் ஒன்றுமில்லை. பகலில் விதைத்த முளைநெல்லை வாரிவந்தால் அமுதாக்கலாம் என்ற யோசனை மனைவியாருடையது. இருளிற் சென்று வாரி வந்த உழைப்பு கணவருடையது. வறுமையை ஒளிக்காமல் இருவரும் கலந்து பேசியதனாலன்றோ வழி பிறந்தது?

இன்றைய நீதிமன்றமும் இந்த அறத்தையே பேசுகிறது. மனைவியின் சீதனப் பொருள் அவளுக்கே உரியது. இடர்வந்த காலத்தில் கணவன் அதனைப் பயன்படுத்தினாலும், அதனையோ அதன் மதிப்பையோ திருப்பித் தருவது அவன் கடமை என்று 2024-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அன்பர்களே! வருவாய் இவ்வளவு, கடன் இவ்வளவு என்பதை இருவரும் அறிந்திருங்கள். சம்பளம் வாங்காமல் சமைத்தும் மக்களை வளர்த்தும் உழைப்பவளின் பங்கும் அந்த வருவாயில் உண்டு. சம்பளம் வாங்கும் மனைவியிடம் அதனை முழுதும் பறித்துக்கொண்டு, பேருந்துக் கட்டணத்திற்குக் கையேந்த வைப்பது அறமன்று. கணவன் அறியாமல் மனைவி கடன்படுவதும் அவ்வாறே. உண்டியலில் இடும் காணிக்கையைக்கூட இருவரும் கலந்து இடுங்கள்.

தன் திருமேனியிற் பாதியையே அம்மைக்குத் தந்தவன் நம் பெருமான். அவனைத் தொழும் நாம் வீட்டுப் பெட்டியின் சாவியைப் பங்கிடத் தயங்கலாமா?

திருச்சிற்றம்பலம்.