வேலைப் பட்டியலில் யார் பெயர்?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று புராஜெக்ட் மேனேஜ்மென்ட் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். கார்ப்பரேட் சரக்கு நமக்கு எதற்கு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான்.

பொறியியல் கடைசி ஆண்டு. நான்கு பேர் கொண்ட குழு. ஆங்கிலம் சரளமாகப் பேசும் நண்பருக்கு பிரசன்டேஷன். அப்பா பொறியாளராக இருந்த நண்பருக்கு டிசைன். எனக்கும் என் விடுதித் தோழருக்கும் பொருள் வாங்குவது, பிரின்ட் எடுப்பது, பைண்டிங் போடுவது. யாரும் யாருடைய சாதியையும் கேட்கவில்லை. கேட்காமலே வேலை பிரிந்தது, ஊரில் தெரு பிரிந்ததைப் போல.

வைவாவில் "நீங்க ரெண்டு பேரும் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்கள். வாயடைத்து நின்றோம். மதிப்பெண் குறைந்தது.

அதே பருவத்தில்தான் திட்ட மேலாண்மைப் பாடமும் இருந்தது. அதன் அடிப்படைகள் எளியவை. பெரிய வேலையைச் சிறு வேலைகளாக உடைக்க வேண்டும். எது முடிந்தால் எது தொடங்கும் என்று வரிசைப்படுத்த வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே பொறுப்பாளர் பெயரை எழுத வேண்டும். ஒன்றையொன்று நம்பி நிற்கும் வேலைகளின் மிக நீளமான சங்கிலிக்கு கிரிட்டிக்கல் பாத் என்று பெயர். அதில் ஒரு நாள் தாமதமானால் மொத்தத் திட்டமும் ஒரு நாள் தள்ளிப்போகும்.

வைவா முடிந்த பிறகு எங்கள் புராஜெக்டை அப்படி வரைந்து பார்த்தேன். ரிச்சி தெருவில் கடை கடையாக அலைந்து நாங்கள் சென்சார் வாங்கி வராமல் சர்க்யூட் இல்லை, சர்க்யூட் இல்லாமல் சோதனை இல்லை. கிரிட்டிக்கல் பாதில் இருந்தது எங்கள் உழைப்பு. அதை எங்கும் எழுதி வைக்காததால் அது வேலையாகவே கணக்கில் வரவில்லை.

இந்தத் துறை ஒன்றும் புனிதமானதல்ல. நாம் வரையும் கேன்ட் சார்ட்டுக்குப் பெயர் தந்த ஹென்றி கேன்ட், 1861இல் அமெரிக்காவின் மேரிலாந்தில், அடிமைகளை வைத்திருந்த பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். வேலை எவ்வளவு முடிந்தது என்பதை அந்தச் சார்ட் காட்டும். இந்த வேலை ஏன் இவருக்கு வந்தது என்று அது கேட்காது. அந்தக் கேள்வி நம்முடையது. சாதியை வேலைப் பிரிவினை என்று நியாயப்படுத்தியவர்களுக்கு 1936இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் பதில் சொன்னார் அம்பேத்கர்: அங்கே பிரிக்கப்படுவது வேலை மட்டுமல்ல, மனிதர்களும்தான்.

அதற்காகக் கருவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணி என்றால் மார்ட்டின் லூதர் கிங்கின் உரை நினைவுக்கு வரும். இரண்டு லட்சத்துக்கும் மேலானோர் திரண்ட அந்தப் பேரணியைச் சுமார் இரண்டே மாதத்தில் ஒருங்கிணைத்தவர் பேயார்ட் ரஸ்டின். பேருந்து, குடிநீர், கழிப்பறை, முதலுதவி, சாப்பாடு என ஒவ்வொன்றையும் திட்டமிட்டார்கள். அமைப்பாளர்களுக்குக் கையேடே அச்சிட்டார்கள். ஒடுக்கப்பட்டவர்கள் கையில் திட்டமிடல் ஓர் ஆயுதம்.

ஆகவே மூன்று விஷயங்கள் சொல்கிறேன். முதல் கூட்டத்திலேயே எல்லா வேலைகளையும் எழுதுங்கள், பைண்டிங் உட்பட. ஒவ்வொரு ரிவியூவுக்கும் பொறுப்புகளை மாற்றுங்கள். கோடிங் தெரியாதவர் கோடிங் கற்கட்டும், பிரசன்டேஷன் செய்தவர் கடைக்குப் போகட்டும். வைவாவில் அவரவர் வேலையை அவரவரே சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தடுமாறட்டும்.

இது கல்லூரிக்கு மட்டுமல்ல. நம் கூட்டங்களிலும் மைக் யார் கையில், தேநீர்த் தட்டு எந்தத் தோழியர் கையில் என்று ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள்.

இன்று இங்கே நாற்காலி போட்ட தோழர்கள் பின்வரிசையில் நிற்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் பேசட்டும். நாற்காலி போட நான் வருகிறேன்.

ஜெய் பீம்.