தொட்டிக்குள் வந்த நட்சத்திரம்



வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. ஆஸ்டெரினா என்று அழைக்கப்படும் குட்டி நட்சத்திர மீன்! விரல் நகம் அளவுதான். பாறையில் ஒட்டிக்கொண்டு ஓசைப்படாமல் உள்ளே வந்துவிடும். உடலை இரண்டாகப் பிரித்தே பெருகும். பெரும்பாலானவை பாசி தின்னும் சாதுக்கள். சில மட்டும் பவளத்தின் உறவான ஜோவாந்தஸை மேயும்.

என்ன செய்யலாம்? செம்பு மருந்து ஊற்றினால் பவளமும் இறாலும் சேர்ந்தே போகும். பிய்த்துப் போட்டால் துண்டும் முழுசாக வளரலாம். ஹார்லிக்வின் இறாலை விட்டால்? அது நட்சத்திர மீனையே தின்று வாழ்வது. "சபாஷ், பிரச்சினை தீர்ந்தது" என்கிறீர்களா? பொறுங்கள். கடைசி நட்சத்திரம் தீர்ந்த அன்றே இறாலுக்குப் பட்டினி ஆரம்பம். அப்புறம் அதற்காக நாமே நட்சத்திர மீன் வாங்கிப் போடணும்!

ஆகவே நான் வாரம் ஒருநாள் இரவு டார்ச் அடித்து எண்ணுகிறேன். ஜோவாந்தஸ் மேல் உட்கார்ந்து மேய்வதை மட்டும் இடுக்கியால் முழுசாக எடுக்கிறேன். புதுப் பாறை வந்தால் முதலில் தனித் தொட்டிதான். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில்கூட, பவளம் தின்னும் முள்கிரீட நட்சத்திர மீன்களை முக்குளிப்பவர்கள் ஒவ்வொன்றாகத் தேடித்தான் ஊசி போடுகிறார்கள். கடலில் யாரும் மருந்தைக் கொட்டுவதில்லை.

தம்பிகளே, தங்கைகளே! நாளை எந்தத் தொழிற்சாலையில் எந்தக் கோளாறைச் சரிசெய்தாலும், தீர்வைக் கையில் எடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: வேலை முடிந்த மறுநாள் இந்தத் தீர்வுக்கு யார் சோறு போடுவது?