இரு பணி, இரு ஓய்வூதியம்

பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டி மதராஸ் பொறியாளர் படைப்பிரிவின் மையம் அமைந்துள்ளது. அதற்கு அண்மையிலுள்ள மர்பி டவுன், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி. நாற்பது வயதுக்குள் படையிலிருந்து விடுபடும் சிப்பாய் ஒருவர் அஞ்சல் துறை போன்ற மத்திய அரசுப் பணியில் மீண்டும் சேர்கிறார் எனக் கொள்வோம். அவருடைய முதல் ஓய்வூதியம் இரண்டாவதை எவ்வாறு பாதிக்கிறது?

1972ஆம் ஆண்டின் ஓய்வூதிய விதிகள் அவருக்கு இரு வழிகளை வைத்தன. படை ஓய்வூதியத்தைத் தொடர்ந்து பெறலாம். அப்போது படைச் சேவை குடிமைப் பணியில் கணக்கில் சேராது. அல்லது அதனை விட்டுக்கொடுத்து இரு சேவைகளையும் ஒன்றாக்கலாம். கைக்கு வரும் பணத்தை விட எளிதில் மனம் வருமா? முதல் வழியில் சென்றவர் ஈற்றில் இரண்டு ஓய்வூதியங்கள் பெற்றார்.

இடர்ப்பாடு அவர் மறைந்த பின்னரே எழுந்தது. மனைவி ஏதேனும் ஒரு குடும்ப ஓய்வூதியத்தை மட்டுமே பெறலாம் என்றது விதி. படைத்தரப்பில் மாதம் 10,000 ரூபாயும் குடிமைத்தரப்பில் 12,000 ரூபாயும் கிடைக்கத்தக்கன என்றால், முன்னதை அவர் இழந்தாக வேண்டும். ஓய்வூதியம் அரசின் கருணைக்கொடை அன்று என உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் 1982 டிசம்பரிலேயே தீர்ப்பளித்திருந்தது. வறுமை நிவாரணமாயின் பிற வருவாயைக் கழிப்பது முறை. உழைத்து ஈட்டிய உரிமைக்கு அக்கணக்கு பொருந்தாது.

2012 செப்டம்பர் 24 முதல் இரண்டையும் பெறலாம் என்றாயிற்று. அமெரிக்காவிலோ, அரசு ஓய்வூதியத்தின் மூன்றில் இரு பங்கைத் துணைவருக்குரிய சமூகப் பாதுகாப்புத் தொகையில் கழிக்கும் விதியை நீக்கும் சட்டம் 2025 ஜனவரியில்தான் கையெழுத்தாயிற்று.

2004 ஜனவரி 1க்குப் பின் குடிமைப் பணியில் சேர்ந்தோரின் நிலை வேறு. படை ஓய்வூதியம் பழைய முறையிலேயே வரும். இரண்டாவது, பங்களிப்பு முறையைச் சார்ந்தது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைத் தேர்ந்தால், முழு ஐம்பது விழுக்காட்டிற்கு 25 ஆண்டுச் சேவை தேவை. நாற்பதில் சேர்ந்து அறுபதில் ஓய்வு பெறுபவருக்கு இருபது ஆண்டுகளே ஆகும். எனவே நாற்பது விழுக்காடுதான். முன்னைய சேவையின் நிழல் இவ்வாறு வேறு வடிவில் விழுகிறது.

2012க்கு முன் கணவரை இழந்தோருக்கும் அந்நாள் முதல் இரண்டாவது தொகை உண்டு. ஆயினும் அதற்கு விண்ணப்பித்தாக வேண்டும்; படைத்தரப்பு ஆணையிலும் குடிமைத்தரப்பு ஆணையிலும் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருத்தல் நன்று.