குண்டு வைத்தவன் எங்கே?

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய பொதுக்கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஷிப்டு முடிந்து நேரே வந்திருக்கிறீர்கள். களையெடுத்த கையைக் கழுவிக்கொண்டு வந்த சகோதரிகளும் இருக்கிறார்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜூலை மாதத்தில், பத்து நாள் இடைவெளியில், மும்பையில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. இரண்டும் வெடிகுண்டு வழக்குகள். இரண்டிலும் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரும் விடுதலை. அப்படியானால் குண்டு வைத்தவன் எங்கே? இதுதான் நம் கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறேன். குண்டு வைப்பவன் எந்த மதத்தின் பேரைச் சொன்னாலும், எந்தக் கொடியைப் பிடித்தாலும், அவன் உழைப்பாளி மக்களின் விரோதி. ரயிலிலும் கடைத்தெருவிலும் குண்டு வெடித்தால் சாகிறவர்கள் யார்? அன்றாடம் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள்தான். குற்றவாளி தண்டனை பெற வேண்டும். அதில் நமக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஆனால் குற்றவாளி பெற வேண்டும், அகப்பட்டவன் அல்ல!

2006 ஜூலை 11 அன்று மாலை, மும்பை மேற்குப் புறநகர் ரயில்களில் பதினோரு நிமிஷத்துக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. வீடு திரும்பிக் கொண்டிருந்த ஜனங்களில் 180-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் கை கால் இழந்தார்கள், காயம்பட்டார்கள். போலீசார் 13 பேரைக் கூண்டில் நிறுத்தினார்கள். ஒன்பது வருஷம் கழித்து, 2015-ல், ஒருவரை நிரபராதி என்று விட்டார்கள். ஐந்து பேருக்குத் தூக்கு. ஏழு பேருக்கு ஆயுள்.

அப்புறம் பத்து வருஷம் அப்பீல்! 2025 ஜூலை 21-ல் பம்பாய் ஐகோர்ட் சொன்னது என்ன? குற்றத்தை நிரூபிக்க அரசுத் தரப்பு அடியோடு தவறி விட்டது என்றது. எந்த வகைக் குண்டு வெடித்தது என்பதைக்கூட நிலைநாட்டவில்லை என்றது. வாக்குமூலங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுபோல் இருக்கின்றன என்றது. அடித்து வாங்கியதாகக் கைதிகள் சொன்னதற்கு ஆதாரம் இருப்பதையும் கண்டது. அடையாள அணிவகுப்பை நடத்தியவருக்கு அதற்கு அதிகாரமே இல்லை என்றும் சொன்னது. பன்னிரண்டு பேரும் விடுதலை!

பன்னிரண்டு பேரும் வீடு திரும்பினார்களா? இல்லை. தூக்குத் தண்டனை பெற்ற ஐவரில் ஒருவர் 2021-ல் நாகபுரிச் சிறையிலேயே கொரோனாவில் இறந்து போனார். செத்த பிறகு நிரபராதி ஆனார். மற்றவர்கள் 19 வருஷத்தைச் சிறையில் தொலைத்தார்கள். தீர்ப்பு வந்த மூன்றாம் நாளே மகாராஷ்டிர சர்க்காரின் அப்பீலை சுப்ரீம் கோர்ட் எடுத்துக்கொண்டது. அந்தத் தீர்ப்பை வேறு வழக்குகளுக்கு முன்மாதிரியாகக் காட்டக்கூடாது என்று நிறுத்தி வைத்தது. ஆனால் விடுதலையானவர்கள் மறுபடி சிறைக்குப் போக வேண்டியதில்லை என்றும் சொன்னது.

இப்படி எப்படி நடக்கிறது தோழர்களே? போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று வெள்ளைக்காரன் 1872-லேயே சாட்சியச் சட்டத்தில் எழுதி வைத்தான். லாக்கப்பில் வாக்குமூலம் எப்படிப் பிறக்கிறது என்று அவனுக்கே தெரியும்! 2024-ல் வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த ஷரத்து இருக்கிறது. ஆனால் 'தடா' வந்தது, 'பொடா' வந்தது, மகாராஷ்டிரத்தில் 'மகோகா' வந்தது. இந்தச் சட்டங்களெல்லாம் அந்தக் காப்பைப் பிடுங்கி எறிந்தன. போலீஸ் அதிகாரி எழுதியதே சாட்சியம் என்றாகி விட்டது.

இது ஒரு வழக்கோடு நிற்கவில்லை. நம் தமிழ்நாட்டைப் பாருங்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-ல் தடா கோர்ட் 26 பேருக்கு, ஒருவர் பாக்கியில்லாமல், தூக்கு என்றது. 1999-ல் சுப்ரீம் கோர்ட் அதில் 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்தது. குஜராத்தில் 2002-ல் அக்ஷர்தாம் கோயிலில் நடந்த படுகொலையில், ஆறு பேர் தண்டிக்கப்பட்டார்கள். மூன்று பேருக்குத் தூக்கு. 2014 மே 16-ல் சுப்ரீம் கோர்ட் ஆறு பேரையும் நிரபராதிகள் என்றது. அவசரப்பட்டுக் கயிற்றை இழுத்திருந்தால்? போன உயிரை எந்தக் கோர்ட் திருப்பித் தரும்?

இனி இரண்டாவது வழக்கு. மாலேகாவ் நம்மைப்போல் நூலோடு வாழும் ஊர், விசைத்தறி ஊர். 2008 செப்டம்பர் 29-ல் அங்கே குண்டு வெடித்து ஆறு பேர் செத்தார்கள். கைதானவர்களில் பிரக்யா தாக்கூரும் ஒருவர். ஜாமீனில் இருந்தபடியே அவர் 2019-ல் பாரதிய ஜனதா கட்சியின் எம்.பி. ஆனார். அரசுத் தரப்புச் சிறப்பு வழக்கறிஞராக இருந்த ரோகிணி சாலியன் 2015-ல் பகிரங்கமாக ஒன்று சொன்னார்: இந்த வழக்கில் மெதுவாகப் போகும்படி என்.ஐ.ஏ. தரப்பிலிருந்து தமக்குச் சொல்லப்பட்டது என்றார். முப்பதுக்கு மேற்பட்ட சாட்சிகள் பிறழ்ந்தார்கள். 2025 ஜூலை 31-ல் ஏழு பேரும் விடுதலை. சந்தேகம் வேறு, சாட்சியம் வேறு என்றது கோர்ட்.

அந்த நியாயத்தை நாம் மறுக்கவில்லை. சாட்சியம் இல்லாமல் தண்டிக்கக்கூடாது என்றால் யாரையும் தண்டிக்கக்கூடாது, நமக்குப் பிடிக்காதவர்களையும்தான். நாம் கேட்பது வேறு. முதல் வழக்கில் ஏழைகளைப் பதினெட்டு, பத்தொன்பது வருஷம் உள்ளே வைத்தீர்கள்; ரயில் தீர்ப்பு வந்ததும் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடினீர்கள். மாலேகாவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் தாங்களே ஐகோர்ட் படியேற வேண்டி வந்ததே, ஏன்? செத்தவனின் மதத்தையும் சிக்கியவனின் மதத்தையும் பார்த்தா தராசைத் தூக்குவது?

கீழ்வெண்மணியை நாம் மறக்கவில்லை. 1968 டிசம்பர் 25-ல் 44 உயிர்கள் குடிசைக்குள் வெந்தன. மேல்கோர்ட்டில் நிலப்பிரபுக்கள் விடுதலை ஆனார்கள். கொளுத்தியது யார் என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. மாலேகாவ் தாயின் கேள்வியும் மும்பைத் தாயின் கேள்வியும் அதே கேள்விதான்.

"நாம் குண்டு வைக்கப் போகிறோமா? நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். மிராசுதாரின் வைக்கோல் போரில் தீப்பிடித்தால் போலீஸ் முதலில் எந்தத் தெருவுக்கு வரும்? சேரிக்குத்தானே! ஆலையில் நூல் காணாமல் போனால் யார் மடியைச் சோதிப்பார்கள்? மானேஜரையா, பதிலித் தொழிலாளியையா?

'ஊபா' சட்டத்தின்படி, போலீஸ் காகிதத்தைப் பார்த்துக் குற்றச்சாட்டு உண்மைபோலத் தோன்றினாலே ஜாமீன் கிடையாது. சத்தீஸ்கரில் தொழிலாளருக்காக வழக்காடிய தொழிற்சங்கவாதி சுதா பரத்வாஜ் 2018-லிருந்து 2021 வரை அடைபட்டார். திருச்சி ஜில்லாவில் பிறந்து, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நிலத்துக்காக நின்ற ஸ்டேன் சுவாமியை 2020 அக்டோபரில் பிடித்தார்கள். நடுக்குவாதத்தில் தம்ளரைப் பிடிக்க முடியாத கிழவர்! உறிஞ்சுகுழலுக்கும் கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5-ல், 84 வயதில், விசாரணையே தொடங்காமல், காவலிலேயே இறந்தார். தீர்ப்பு இல்லாமலே தண்டனை! 2024 ஜூலை 1 முதல் சாதாரணக் குற்றவியல் சட்டத்திலேயே பயங்கரவாதப் பிரிவைச் சேர்த்து விட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாம் கேட்பது இவைதான். போலீஸ் வாங்கிய வாக்குமூலம் எந்தச் சட்டத்திலும் செல்லக்கூடாது. குறித்த காலத்தில் விசாரணை முடியாவிட்டால் ஜாமீன் வேண்டும். தூக்குத் தண்டனை ஒழிய வேண்டும். பொய் வழக்கில் இளமையை இழந்தவனுக்கு நஷ்டஈடும் வேலையும் தர வேண்டும். ஜோடித்த அதிகாரிகள் கூண்டில் ஏற வேண்டும். ரயிலிலும் மாலேகாவிலும் செத்தவர்களுக்காக உண்மையான புலன்விசாரணை நடக்க வேண்டும்.

நிரபராதியைப் பிடித்து அடைத்த அன்றே உண்மைக் குற்றவாளி தப்பி விடுகிறான், தோழர்களே. இதை ஆலை வாசலில் பேசுங்கள். களத்துமேட்டில் பேசுங்கள். இந்து, முஸ்லிம் என்று நம்மைப் பிரிக்க எவன் வந்தாலும் அவனிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: குண்டு வைத்தவன் எங்கே?